மைக்கா ஒட்டிய நிலைக்குப் பெயிண்டா? கொஞ்சம் பொறுங்கள்!

"டாக்டரய்யா, பொண்ணுக்கு ஏழாம் மாசமுங்க. வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. சொந்தபந்தமெல்லாம் வருவாங்கன்னு வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருக்கோம். அந்த வாடைக்குப் பொண்ணுக்கு ரெண்டு நாளா தலைவலி, வாந்தி. ஏதாச்சும் கஷாயம் குடுங்க."

ராசிபுரத்தில் உள்ள என் வைத்தியசாலைக்கு இப்படி யாராவது அடிக்கடி வந்துவிடுவார்கள். அதுவும் ஐப்பசி பிறந்தது முதல் பொங்கல் வரை கேட்கவே வேண்டாம். நான் கஷாயம் கொடுப்பதில்லை. "முதல்ல பொண்ணை வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மருந்தைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். 'மருந்து கேட்டு வந்தா, இந்த வைத்தியர் வீட்டை விட்டே போகச் சொல்றாரே!'

வாசகர்களே, நானும் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்குப் பெண் வரப்போகிறாள் என்றதும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோமே, அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதிலும் கதவு நிலை, நிலையைச் சுற்றி அடித்த பீடிங், சுவரடியில் ஓடுகிற ஸ்கர்ட்டிங் ஆகியவற்றைச் சுரண்டித் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடிப்பதை அந்தச் சமயத்தில் செய்யவே கூடாது. 'அதான் மைக்கா ஒட்டியிருக்கே, அதுக்கு மேல ஒரு கோட்டிங் அடிச்சா என்ன ஆகிடும்?' என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஊருக்கு உபதேசம் செய்கிற நானே இந்தத் தப்பைச் செய்தவன். அதனால் என் வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் வீட்டில் நடந்தது

1996-ல் கட்டிய வீடு. எங்கள் பக்கத்து வழக்கப்படி வேப்பமர நிலைகள். முதலில் மஞ்சள் எனாமல் பெயிண்ட் அடித்தோம். பிறகு பச்சை, அதற்குப் பிறகு பிரவுன். பத்து வருஷம் கழித்து, 'எல்லாரும் மைக்கா ஒட்டுறாங்க, பளபளன்னு இருக்கு, துடைச்சா போதும்' என்று நிலைக்கும் பீடிங்குக்கும் மரக்கலர் மைக்கா ஒட்டினோம். ஹாலில் சுவரடியில் மரப்பட்டை அடித்து அதற்கும் அதே மைக்கா. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

2023-ல் மகளுக்கு வளைகாப்பு. என் மனைவி, "என்னங்க, ஹாலே இருட்டடிச்ச மாதிரி இருக்கு. நிலை, ஸ்கர்ட்டிங் எல்லாம் வெள்ளையா மாத்திட்டா வெளிச்சமா இருக்கும்" என்றாள். நானும் சரி என்றேன். பெயிண்டர் தேய்க்கிற மெஷினோடு வந்தார். மைக்கா வழவழப்பானது, சொரசொரப்பாக்கினால்தான் பெயிண்ட் பிடிக்கும் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் மைக்கா உப்பி எழுந்திருந்த இடங்களில் அதைப் பிய்த்துவிட்டு, அடியில் இருந்த பழைய பெயிண்டையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். பிரவுன், பச்சை, மஞ்சள் மூன்றும் வரிசையாக எட்டிப் பார்த்தன. ஹால் முழுக்கப் புகைமூட்டம் போலத் தூசு. அடுத்த அறையில் என் மகள். நடுவில் கதவு இல்லை, ஒரு திரைச்சீலை மட்டும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாடை போகட்டும் என்று சாம்பிராணி போட்டேன்! தின்னர் டப்பா திறந்திருக்கிற வீட்டில் நெருப்புத் தணல்! தூசோடு புகையையும் சேர்த்துக் கொடுத்தேன். 'வைத்தியன் பிள்ளை நோவு தீராது' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இரண்டாம் நாள் சாயந்திரம். என் மகன் வயிற்றுப் பேத்தி, பத்து மாதக் குழந்தை, தவழ்ந்துபோய் ஸ்கர்ட்டிங் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாயை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பல் முளைத்திருந்தது. ஈறு அரிப்புக்கு எதையாவது கடிக்கிற பருவம். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் பச்சையாக ஒரு செதில்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. நம் கண்ணுக்கு ஸ்கர்ட்டிங் தரையோடு கிடக்கிற ஒரு பட்டை. தவழுகிற பிள்ளைக்கோ முகத்துக்கு நேராக, வாய்க்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிற பொருள்.

காரீயம் என்றால் என்ன?

பழைய எனாமல் பெயிண்டில் இருந்த ஈயம்தான் என் பயத்துக்குக் காரணம். ஈயம் என்றதும் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு ஞாபகம் வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். நான் சொல்வது காரீயம். சித்த மருத்துவத்தில் கருவங்கம் என்போம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் குணபாட வகுப்பில், சுத்தி செய்யாத கருவங்கத்தை மருந்தென்று கையில் எடுக்காதே என்றுதான் எங்களுக்கு முதல் பாடம். மேல்பூச்சுக் களிம்புகளில் சேர்க்கிற மிருதார்சிங்கியும் ஈயச் சரக்குதான். எங்கள் மருத்துவத்தில் ஈயமே கிடையாது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அதனால்தான் கர்ப்பிணிகளிடமும் பாலூட்டும் தாய்மார்களிடமும் சொல்கிறேன்: லேபிள் இல்லாத செந்தூரம், பற்பம் எதையும் யார் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். எந்த வைத்தியராக இருந்தாலும் சரி, என்னையும் சேர்த்து, 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை போன்ற எடுப்பான நிறங்களுக்காகப் பெயிண்டில் ஈயம் கலந்த நிறப்பொடி சேர்த்தார்கள். சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காகவும் ஈயம் கலந்த சரக்கைச் சேர்த்தார்கள். இவை பெரும்பாலும் எண்ணெய் கலந்த எனாமல் வகைகளில்தான். 2007-ல் டெல்லியைச் சேர்ந்த டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு கடைகளில் விற்ற பெயிண்டுகளை வாங்கிச் சோதித்தபோது, எனாமல் வகைகளில் பெரும்பாலானவற்றில் பத்து லட்சம் பங்குக்கு 1000 பங்குக்கு மேல் ஈயம் இருந்தது. தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கிற வகைகளில் மிகக் குறைவு.

வெளிநாடுகளில் இது என்றைக்கோ தெரிந்த விஷயம். 1921-லேயே ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறப் பெயிண்டில் வெள்ளை ஈயம் கூடாது என்று ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கா 1978-ல் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது. நம் நாட்டில் 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலானது. அதன்படி வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. டப்பாவின் மேலும் அதை அச்சிட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு நிலைக்கு எனாமல் அடித்தது 2017-க்கு முன்பா? அப்படியானால், அதில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். சோதித்துப் பார்க்கும்வரை அதுதான் பாதுகாப்பு.

பெட்ரோலில் கலந்த ஈயம் 2000-ம் ஆண்டில் நின்றது. அதற்குச் சற்று முன், 1990-களின் கடைசியில், சென்னை உள்பட 7 நகரங்களில் ரத்தப் பரிசோதனை செய்தபோது, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை என்றும் சொல்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். ஈயமோ அளவோடு இருந்தாலும் நஞ்சு!

சின்னக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால், பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பு ஏறாது, கவனம் நிற்காது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். 'மக்குப் பையன்' என்று அடி வாங்குகிற பிள்ளைகளில் சிலருக்காவது தப்பு வீட்டுத் தூசில் இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்?

கர்ப்பிணிக்கு வேறொரு சங்கடம். சின்ன வயதில் உடம்பில் சேர்ந்த ஈயம் எலும்பில் போய்த் தங்கிவிடும். சிசுவின் எலும்புக்காகத் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது இந்த ஈயமும் கூடவே கரைந்து ரத்தத்துக்கு வரும். நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கும் போய்ச் சேரும். ஏற்கெனவே இருப்பது போதாதென்று நாம் புதுத் தூசையும் கொடுக்க வேண்டுமா?

நான் கோட்டைவிட்ட நோயாளி

2011-ல் நடந்தது. நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டராக இருந்தவர், நாற்பது வயதிருக்கும். "ஏனுங்கய்யா, வயித்த முறுக்கி முறுக்கிப் பிடிக்குது. வெளிக்கிப் போயி நாலு நாளாச்சு" என்று வந்தார். நாடி பார்த்தேன். வாத மிகுதி. மலத்தை இளக்க மருந்து கொடுத்தேன். கேட்டது. பத்து நாளில் மறுபடி அதே வலி. மறுபடி மருந்து. இப்படியே ஆறு வாரம் ஓடியது. ஆள் வெளுத்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் என் மேஜையில் இருந்த பேனாவைப் பிடிக்கக்கூட விரலில் பலமில்லை. அன்றைக்குத்தான் ஈறைத் தூக்கிப் பார்த்தேன். பல்லை ஒட்டி நீலமும் கறுப்புமாக ஒரு கோடு. பாடப் புத்தகத்தில் படித்த அதே கோடு! சேலத்துக்கு அனுப்பி ரத்தம் பார்த்ததில் ஈயம் எக்கச்சக்கம். அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் நடந்தது.

முதல் நாளே 'என்ன வேலை பார்க்கறீங்க, மூஞ்சியைக் கட்டிக்கறீங்களா, எங்க உட்கார்ந்து சாப்பிடறீங்க?' என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் ஆறு வாரம் வீணாகியிருக்காது. நாடியைப் பிடித்தவன் தொழிலைக் கேட்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

அவரிடம் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டறையில் மிச்சமாகும் பெயிண்டை டப்பாவில் ஊற்றி எடுத்துப்போய்த் தன் வீட்டுக் கதவு நிலைக்கு அடித்திருக்கிறார். அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்திருக்கிறார். 'லாரிக்கு அடிக்கிறதுங்க, மழை வெயிலுக்கு அசையாது' என்று பெருமையாக வேறு சொன்னார். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கத்து வாசகர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2016 விதி வீட்டுப் பெயிண்டுக்கு மட்டும்தான். லாரிக்கும் இயந்திரங்களுக்கும் அடிக்கிற பெயிண்ட் அந்த விதிக்குள் வராது. பட்டறையில் மிஞ்சினது ஓசியில் கிடைத்தாலும் வீட்டு நிலைக்கு வேண்டாம்!

மைக்கா கெட்டதா?

இல்லை. ஒழுங்காக ஒட்டி, பிளக்காமல் இருக்கிற மைக்கா நல்ல மூடிதான். பிசினில் ஊறிய காகிதங்களை அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிய தகடு அது. தண்ணீர் இறங்காது, அடியில் இருப்பதும் சுலபத்தில் வெளியே வராது. பழைய பெயிண்ட் அடியில் இருந்தாலும் மைக்கா மூடியிருக்கும்வரை குழந்தையின் வாய்க்குப் போக வழியில்லை.

சங்கடம் அதைப் பிய்க்கும்போதும் அறுக்கும்போதும்தான். அடியில் பழைய மரம் என்றால் பழைய பெயிண்ட் வெளிப்படும். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை என்றால் வெட்டின ஓரத்திலிருந்து பார்மால்டிஹைடு என்ற வாயு கசியும். அந்தப் பலகைகளை ஒட்டவைக்கிற பிசினில் அது இருக்கிறது. கல்லூரியில் உடற்கூறு வகுப்பில் பிணத்தை அறுக்கும்போது பார்மலின் நெடியில் கண்ணீர் வடித்திருக்கிறோம். அதே சரக்குதான். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் அதை முதல் வகையில் சேர்த்தது. பெயிண்ட் அடிக்கிற தொழிலையே 1989-ல் அந்த வகையில் சேர்த்துவிட்டது. ஆகவே நம் வீட்டுக்கு வருகிற பெயிண்டர் தம்பியின் உடம்பும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வழவழப்பான மைக்காவுக்கு மேல் அடிக்கிற பெயிண்ட், மரத்தில் ஊறுவதுபோல ஊறாது. மேலே ஒரு தோலாகத்தான் நிற்கும். தினம் துடைக்கிற ஈர மாப்பு, தண்ணி வாளி, குழந்தையின் நடைவண்டி என்று எல்லாம் இடிக்கிற இடம் ஸ்கர்ட்டிங். சீக்கிரமே செதில் செதிலாக உரியும். அதைப் பிய்த்து வாயில் போட ஆள் தயாராக இருக்கும்! ஈயம் கலந்த செதில் லேசாக இனிக்கும் என்பார்கள். அதனால் ஒரு தடவை ருசி கண்ட பிள்ளை மறுபடியும் தேடிப்போகும்.

'எங்க காலத்துல அடிக்கலையா?'

இதை எழுதும்போதே சில மாமியார்மார்களின் குரல் என் காதில் விழுகிறது. "நாங்களும் பெயிண்ட் அடிச்ச வீட்டுலதான் பெத்தோம். பிள்ளைங்க நல்லாத்தானே இருக்குதுங்க?"

அம்மா, ஈயம் முகத்தில் தெரியாது. 90 மார்க் வாங்கவேண்டிய பிள்ளை 80 வாங்கினால், அந்தப் பத்து எங்கே போனது என்று யார் கண்டுபிடிப்பது? 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பதாகக் கணக்கிட்டது. அதில் நம் நாட்டுக் குழந்தைகள்தான் அதிகம். இத்தனைக்கும் பெயிண்ட் ஒன்றே காரணம் இல்லை. பழைய பேட்டரி உருக்குவது போன்று பல வழிகள் உண்டு. அவற்றை நாம் தனியாக நிறுத்த முடியாது. நம் வீட்டு நிலையைச் சுரண்டுவதை நிறுத்த முடியுமே!

அதோடு 'உங்க காலத்தில்' சுவருக்குச் சுண்ணாம்பு, சுவரடிக்குக் காவிப் பட்டை. அதுதானே நம் பழைய ஸ்கர்ட்டிங்? காவிக்கல் இரும்புச் சத்துள்ள மண். பூங்காவி என்று எங்கள் மருந்திலேயே சேர்ப்போம். அதற்காகப் பழையதெல்லாம் அமிர்தம் என்றும் சொல்லமாட்டேன். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும். ஆனாலும் காவி பட்ட கையை வாயில் வைத்த பிள்ளைக்கு ஈயம் ஏறவில்லை.

இன்னும் சிலர், "நாங்க வாடையே இல்லாத பெயிண்ட்தான் வாங்கினோம்" என்பார்கள். நல்லதுதான், தலைவலி குறையும். ஆனால் வாடை இரண்டு வாரத்தில் போய்விடும். தேய்த்ததில் பறந்த தூசு அலமாரிக்கு மேலும், பாய் இடுக்கிலும், தொட்டில் துணியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். அதற்கு வாடையே கிடையாது!

பழைய நிலையை எரிக்காதீர்கள்

புது நிலை வைத்துவிட்டுப் பழையதை என்ன செய்கிறோம்? துண்டு போட்டு வெந்நீர் அடுப்புக்கு வைத்துவிடுகிறோம். நம் பக்கத்து வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் தினம் வெந்நீர் வேண்டும். அதற்கு இந்தப் பெயிண்ட் அடித்த கட்டைகள்! ஈயம் புகையோடு கலந்து மூச்சில் போகும். மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்க எடுப்பார்கள். முருங்கை மரத்தடியில் கொட்டுவார்கள். மசக்கையில் சாம்பலும் மண்ணும் தின்கிற பெண்கள் உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். போகிக்கு எரிப்பதும் இதே கதைதான். பெயிண்ட் அடித்த மரத்தையும் மைக்கா ஒட்டிய பலகையையும் எரிக்கவே கூடாது.

அடித்துத்தான் ஆகவேண்டும் என்றால்...

கல்யாணமாகி வருஷங்கள் கழித்து, வீட்டில் கர்ப்பிணியோ ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ இல்லாத சமயத்தில் ஆசைப்பட்டு அடிக்கிறீர்களா? தாராளமாக அடியுங்கள். சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

1. மைக்கா நன்றாக ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடும். உப்பிய ஓரங்களைப் பசை வைத்து அமுக்கி ஒட்டுங்கள். வெட்டின ஓரங்களை மூடுங்கள்.

2. சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவிடுங்கள். சமையலறை நிலைக்கு இரண்டு தடவை.

3. மெஷின் வேண்டாம். உலர்ந்த உப்புத்தாளும் வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பரில், 220 நம்பர் போல நைசானதை வாங்கி, பளபளப்புப் போகிற அளவுக்கு லேசாகத் தேய்த்தால் போதும். மைக்காவைத் தாண்டி அடிமரம் தெரியக் கூடாது. பழைய பெயிண்டை நெருப்பு வைத்து உருக்கி எடுக்கவும் கூடாது.

4. மைக்கா போன்ற வழவழப்பான பரப்புக்கென்றே பிடிப்பு ப்ரைமர் விற்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் நேராகப் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதத்தில் உரியும். மேலே தண்ணீர் கலந்து அடிக்கிற எனாமல் வாங்குங்கள். டப்பாவில் ஈயம் 90-க்கு மேல் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

5. தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள். சாமான், துணி, தொட்டில் எல்லாம் வெளியே போகட்டும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் விரிப்பையும் சுருட்டிக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

6. பெயிண்டர் தம்பிக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். டீயும் பலகாரமும் அந்த அறையில் வேண்டாம். கை, முகம் கழுவச் சொல்லி வெளித் திண்ணையில் கொடுங்கள். வேலை உடுப்போடு போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது, குளித்துவிட்டுத்தான் தூக்கவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நம் வீட்டுப் பிள்ளையைப் போலத்தானே அவர் பிள்ளையும்?

7. தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் பெயிண்ட் முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தவழுகிற பிள்ளையை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்?

'ஈயத்தை இறக்க ஏதாவது மூலிகை சொல்லுங்க' என்று கேட்பார்கள். சித்த வைத்தியன் நான் சொல்கிறேன்: அப்படி எதையும் நம்பி உட்காராதீர்கள். சந்தேகம் வந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதியுங்கள். பெரிய பரிசோதனைக் கூடங்களில் செய்கிறார்கள். அதிகமாக இருந்தால் அதற்கென்று ஆஸ்பத்திரியில் வைத்தியம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும்.

ஆனால் சாப்பாட்டால் ஒரு பாதுகாப்பு உண்டு. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும். வெறும் வயிற்றில் இன்னும் அதிகம். அதனால் கேழ்வரகுக் களி, கூழ், கம்பஞ்சோறு, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, பால், மோர் எல்லாம் தாராளமாக இருக்கட்டும். கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாகப் பிடிக்கும். கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்பு, கால்சியம் மாத்திரைகளை 'சூடு' என்று சொல்லித் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

என் பேத்திக்கு ரத்தம் பார்த்தபோது 5 மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அன்றே மகளையும் பேத்தியையும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். நானும் என் மனைவியும் நான்கு நாள் மண்டியிட்டு வீடு முழுக்க ஈரத்துணியால் துடைத்தோம். ஸ்கர்ட்டிங்கைப் பாதியில் நிறுத்தி, பிய்ந்த இடங்களை மூடினோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது குறைந்திருந்தது. மகளுக்கும் சுகப்பிரசவம். அது எங்கள் அதிர்ஷ்டமே தவிர என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

வளைகாப்பு தங்கை வீட்டில்தான் நடந்தது. அவள் வீட்டில் பழைய நிலைதான். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, மாவிலை கட்டியிருந்தாள். வந்த உறவுக்காரர்கள் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள், வளையல் அடுக்கினார்கள், கலந்த சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நிலை என்ன கலர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அதனால் தாய்மார்களே, மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்றால் வீட்டைக் கழுவுங்கள், ஒட்டடை அடியுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், வாசலில் பெரிய கோலமாகப் போடுங்கள். பெயிண்ட் அடிப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள். பிறக்கப்போகிற பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில் அடித்துக்கொள்ளலாம். நிலை எங்கேயும் ஓடிப்போகாது!